சாளரமும் கட்டளையும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., கணிப்பொறி அறிவியல்)

மின்னஞ்சல் அனுப்பாத மாணவர் இன்று நம்மிடையே இலர். உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதிலிருந்து தேர்வு முடிவை அறிவது வரை எல்லாவற்றிற்கும் ஒரு மின்னஞ்சல் முகவரி தேவைப்படுகிறது. ஆயினும், 'அனுப்பு' என்ற பொத்தானை அழுத்திய பின் அந்தக் கடிதம் எங்கே போகிறது, யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. அஞ்சலகத்தின் முன்பக்கத்தை மட்டும் கண்டவர்கள் நாம். கடிதங்களைப் பிரித்து, முத்திரை குத்தி, பையில் கட்டும் பின்பக்க அறை ஒன்று அங்கே உண்டு. மின்னஞ்சலுக்கும் அத்தகைய அறை இருக்கிறது. அதனை ஆளுகின்றவரின் கையிலுள்ள இருவகைக் கருவிகளைப் பற்றி நான் படித்தறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

வலையின் வழியே ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொரு கணிப்பொறிக்கு 1971ஆம் ஆண்டு முதற்கடிதம் அனுப்பியவர் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன். ஆளின் பெயரையும் கணிப்பொறியின் பெயரையும் பிரித்துக்காட்ட '@' என்னும் குறியைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. ஒரு சர்வர் மற்றொரு சர்வரிடம் கடிதத்தை எவ்வாறு ஒப்படைக்க வேண்டும் என்ற விதிகளை ஜான் போஸ்டல் 1982இல் எழுதி வெளியிட்டார். எஸ்.எம்.டி.பி. எனப்படும் அவ்விதிகளே, சில விரிவாக்கங்களுடன், இன்றும் வழக்கிலிருக்கின்றன.

சர்வரை மேற்பார்ப்பவரை நிர்வாகி என்பர். புதிதாக வந்தவருக்கு அஞ்சல் பெட்டி திறக்க வேண்டும். விலகியவரின் பெட்டியை மூட வேண்டும். பெட்டி நிரம்பியவருக்கு இடம் கூட்டித் தர வேண்டும். போக முடியாமல் வரிசையில் தேங்கி நிற்கும் கடிதங்களைக் கவனிக்க வேண்டும். இவற்றைச் செய்ய அவருக்கு இரண்டு வழிகள் உண்டு. திரையில் தோன்றும் கட்டங்களையும் பொத்தான்களையும் மவுஸால் தட்டி வேலை வாங்குவது ஒன்று. இதனைச் சாளர வழி என்போம். கறுப்புத் திரையில் சொற்களைத் தட்டச்சு செய்து ஆணையிடுவது மற்றொன்று. இது கட்டளை வழி. பல கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு வேண்டும்போது ஓட்டினால் அதற்கு ஸ்கிரிப்ட் என்று பெயர். எது சிறந்தது என்று கேட்டால் பட்டிமன்றம் போல இரு கட்சியினரும் எழுந்துவிடுவர். நான் தீர்ப்பைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு வரலாற்றிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் இருந்தது கட்டளை வழி ஒன்றே. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் என்பவர் 1980களின் தொடக்கத்தில் உருவாக்கிய 'சென்ட்மெயில்' என்ற நிரல்தான் நெடுங்காலம் உலகின் பெரும்பாலான யூனிக்ஸ் சர்வர்களில் அஞ்சற்காரராக இருந்தது. அதன் அமைப்புகள் அனைத்தும் ஓர் எழுத்துக் கோப்பில் இருக்கும். அந்தக் கோப்பைக் கண்டு அஞ்சாத நிர்வாகி இல்லை. அதனை விளக்குவதற்கென்றே எழுதப்பட்ட நூல் ஒன்று, பிற்காலப் பதிப்பில் ஆயிரம் பக்கங்களைத் தாண்டியது! பின்னர் 1998இல் வீட்சே வெனிமா என்பவர் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது 'போஸ்ட்ஃபிக்ஸ்' என்ற எளிய நிரலை வெளியிட்டார். இன்றைய லினக்ஸ் சர்வர்கள் பலவற்றில் அதுவே இயங்குகிறது.

கட்டளை வழியின் அழகைக் காண போஸ்ட்ஃபிக்ஸில் ஓர் எடுத்துக்காட்டுப் பார்ப்போம். யாரோ ஒருவரின் கடவுச்சொல் களவு போய்விட்டது. திருடன் அவர் பெயரில் இருபதாயிரம் விளம்பரக் கடிதங்களை அனுப்பத் தொடங்கிவிட்டான். அவை வரிசையில் நிற்கின்றன. அவற்றிடையே நல்ல கடிதங்களும் நிற்கின்றன. திருட்டுக் கடிதங்களை மட்டும் பொறுக்கி நீக்க வேண்டும். ஒவ்வொன்றாகத் தட்டி நீக்கினால் விடிந்துவிடும். யூனிக்ஸ் அறிந்தவர் செய்வது இது: 'போஸ்ட்க்யூ' என்ற கட்டளை வரிசையிலுள்ளவற்றைப் பட்டியலிடும். அந்தப் பட்டியலை '|' என்ற குறியின் வழியே அடுத்த நிரலுக்கு ஊற்றுகிறார். அது குறிப்பிட்ட அனுப்புநர் பெயருள்ள பதிவுகளில் முதற்சொல்லாகிய கடித எண்ணை மட்டும் பிரித்தெடுக்கிறது. அவ்வெண்கள் 'போஸ்ட்சூப்பர்' என்ற கட்டளையிடம் போகின்றன; அது அவற்றை நீக்குகிறது. ஒரே வரியில், சில நொடிகளில் வேலை முடிந்தது. ஒரு நிரலின் வெளியீட்டை மற்றொன்றின் உள்ளீடாக்கும் இந்தக் குழாய் முறை டக் மெக்கில்ராய் என்பவரின் கருத்து. யூனிக்ஸில் அது 1973இல் சேர்க்கப்பட்டது.

இந்த வரியில் ஒரு சிக்கலும் உண்டு. பட்டியலில் சில கடித எண்களின் இறுதியில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். அக்கடிதம் இப்போதே அனுப்பப்படும் நிலையில் உள்ளது என்பது அதன் பொருள். சிலவற்றில் ஆச்சரியக்குறி இருக்கும், அவை நிறுத்திவைக்கப்பட்டவை. இக்குறிகளை உதிர்த்துவிட்டுத்தான் எண்ணை அடுத்த நிரலிடம் கொடுக்க வேண்டும். இல்லையேல் அந்த எண்ணை அது ஏற்றுக்கொள்ளாது. காரணம் என்ன? குழாயில் ஓடுவது வெறும் எழுத்துகள். எது எண், எது குறி, எது தேதி என்பது ஓடுகின்ற எழுத்துகளுக்குத் தெரியாது. நாம்தான் பத்தி பார்த்து வெட்ட வேண்டும். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனிச் சாளர வழி. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1996இல் 'எக்ஸ்சேஞ்ச்' என்ற மின்னஞ்சல் சர்வரை வெளியிட்டது. அலுவலகங்களில் அது விரைந்து பரவியதற்கு அதன் சாளரங்களும் ஒரு காரணம். யூனிக்ஸ் நிபுணர் ஒருவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஓரளவு பழகியவரே பெட்டி திறக்கலாம், மூடலாம். இதனை எளிதென்று இகழ்வோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. என்னென்ன செய்ய முடியும் என்பதைத் தெரியாதவருக்குச் சாளரம் காட்டித் தருகிறது. கட்டளைத் திரையோ கேள்வி கேட்கத் தெரிந்தவருக்கு மட்டுமே விடை சொல்லும். வெறும் கோடு ஒன்று மின்னிக்கொண்டிருக்க, 'உனக்கு என்ன வேண்டும்?' என்று அதட்டுவது போல நிற்கும். ஆண்டுக்கொருமுறை செய்யும் வேலைக்குக் கட்டளையை மனப்பாடம் செய்வானேன்? கண்டு தெரிந்துகொள்வது, நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதைவிட எளிது என்பது தேர்வு எழுதும் நமக்குத் தெரியாததா? சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாவையும் கட்டுரை வினாவையும் ஒப்பிட்டால் போதும்.

ஆனால் எண்ணிக்கை கூடும்போது சாளரம் திணறுகிறது. ஒரு கல்லூரியில் 800 மாணவர்கள் புதிதாகச் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்குப் பெட்டி திறக்கச் சாளரத்தில் 2 நிமிடம் என்றால் 800 பேருக்கு 1600 நிமிடம். அதாவது 26 மணி 40 நிமிடம். நடுவே ஒரு பெயரில் எழுத்துப் பிழை நேர்ந்தால் அது எந்தப் பெயரென்று பின்னால் கண்டுபிடிக்கவும் வழியில்லை. தட்டியது தட்டியதுதான், மவுஸ் தட்டிய இடத்தில் தடம் இராது. ஸ்கிரிப்டிலோ பெயர்ப்பட்டியல் ஒரு கோப்பு, செய்முறை மற்றொரு கோப்பு. இரண்டையும் ஓட்டுவதற்கு முன்னரே மற்றொருவரிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லலாம்.

இந்தக் குறையை மைக்ரோசாஃப்டிலேயே ஒருவர் உணர்ந்தார். 1999இல் அங்கே சேர்ந்த ஜெஃப்ரி ஸ்னோவர் என்பவர் யூனிக்ஸ் கருவிகளையே விண்டோஸுக்குக் கொண்டுவந்து பார்த்தார். அவை உதவவில்லை. யூனிக்ஸில் அமைப்புகள் எழுத்துக் கோப்புகளில் உள்ளன. எழுத்தை வெட்டி ஒட்டினால் சர்வரின் நடத்தையே மாறும். விண்டோஸில் அமைப்புகள் நிரல்களின் உள்ளே, கட்டமைக்கப்பட்ட தரவுகளாக இருக்கின்றன; அங்கே எழுத்து வெட்டும் கத்தரிக்கோலுக்கு வேலையில்லை. ஆகவே அவர் வேறொரு வழி கண்டார். குழாயில் எழுத்து ஓடாமல் 'பொருள்' ஓடட்டும் என்றார். அஞ்சல் பெட்டி ஒன்று குழாயில் வருமானால் அது தன் பெயர், உரிமையாளர், அளவு ஆகிய பண்புகளோடு முழுதாகவே வரும். அடுத்த கட்டளை 'உன் அளவு என்ன?' என்று அதனிடமே கேட்டுக்கொள்ளலாம். பத்தி பார்த்து வெட்ட வேண்டியதில்லை. நட்சத்திரக் குறியை உதிர்க்க வேண்டியதுமில்லை.

ஸ்னோவர் 2002ஆம் ஆண்டு 'மொனாட்' என்ற பெயரில் இக்கருத்தை ஓர் அறிக்கையாக எழுதினார். சாளரங்களால் வளர்ந்த நிறுவனத்தில் கட்டளைத் திரையைப் பற்றிப் பேசியவருக்கு மாலை மரியாதை கிடைக்கவில்லை. இப்பணியில் இறங்கியதற்காகத் தம் பதவி ஒரு படி இறக்கப்பட்டது என்று அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். எனினும் 2006 நவம்பரில் மொனாட் 'பவர்ஷெல்' என்ற புதுப்பெயருடன் வெளிவந்தது. அடுத்த மாதமே நிறைவுபெற்ற எக்ஸ்சேஞ்ச் 2007தான் அதன் மீது முழுமையாகக் கட்டப்பட்ட முதற்பெரும் சர்வர் மென்பொருள்.

நண்பர்களே, இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்பிய செய்தி இங்கேதான் இருக்கிறது. எக்ஸ்சேஞ்ச் 2007இலும் சாளரம் இருந்தது. ஆனால் அது தனியாக எந்த வேலையும் செய்யவில்லை. நிர்வாகி பொத்தானை அழுத்தினால் சாளரம் அதற்குரிய பவர்ஷெல் கட்டளையை எழுதி, அதையே ஓட்டியது. சாளரம் முன்வாசல், கட்டளை அடுப்படி என்றாகிவிட்டது. ஒரு பெட்டி திறந்து முடித்ததும் கடைசிப் பக்கத்தில், 'நீங்கள் செய்த வேலைக்குரிய கட்டளை இது' என்று முழு வரியையும் அச்சிட்டுக் காட்டியது! அதனை நகலெடுத்து, பெயர் இருக்கும் இடத்தை மட்டும் மாற்றினால் அதுவே அடுத்த 799 பேருக்கும் ஸ்கிரிப்ட் ஆகிவிடும். தெரியாதவர் சாளரத்தின் வழியே நுழைந்து, தெரிந்தவராகக் கட்டளையின் வழியே வெளியேறலாம். ஒரு கருவி தன் வேலையையும் செய்து, அதைச் செய்யும் விதத்தையும் கற்பிப்பது அரிதல்லவா?

கட்டளைகளின் இலக்கணமும் எளியது. வினை முன்னே, பெயர் பின்னே, இடையில் ஒரு சிறு கோடு. 'கெட்-மெயில்பாக்ஸ்' என்றால் பெட்டிகளைக் காட்டு. 'நியூ-மெயில்பாக்ஸ்' என்றால் புதிது திற. 'செட்-மெயில்பாக்ஸ்' என்றால் அமைப்பை மாற்று. தமிழில் 'பெட்டியைக் காட்டு' என்று வினையை இறுதியில் வைப்போம். அங்கே 'காட்டு பெட்டி' என்று தலைகீழாக நிற்கிறது, அவ்வளவே. எக்ஸ்சேஞ்சில் சில நூறு கட்டளைகள் இருந்தாலும் அவற்றின் வினைச்சொற்களில் அடிக்கடி வருவன பத்துப் பன்னிரண்டுதான். தமிழ்வழியில் பயின்று வந்தவர்கள் கறுப்புத் திரையைக் கண்டதும், 'இது ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு உரியது' என்று ஒதுங்குவதை நம் வகுப்பிலேயே பார்க்கிறேன். உண்மையில் பன்னிரண்டு வினைச்சொற்களுக்கு ஆங்கிலப் புலமை வேண்டுவதில்லை. சாளரத்தில் வரும் நீண்ட எச்சரிக்கை வாசகங்களைப் புரிந்துகொள்ளத்தான் கூடுதல் ஆங்கிலம் வேண்டியிருக்கிறது.

கட்டளைப் பக்கமே எல்லாம் சரி என்று நினைத்துவிடக்கூடாது. எக்ஸ்சேஞ்ச் 2007 முதலில் வந்தபோது, பலர் பகிர்ந்து பயன்படுத்தும் பொதுக் கோப்புறைகளை நிர்வகிக்கச் சாளரமே இல்லை; கட்டளை மட்டுந்தான். நிர்வாகிகள் வெகுவாகக் குறைப்பட்டுக்கொண்டனர். 2007ஆம் ஆண்டின் இறுதியில் வந்த முதல் திருத்தத் தொகுப்பில் அச்சாளரத்தைச் சேர்க்க வேண்டியதாயிற்று. கட்டளையை விரும்புகிறவர்கூட முன்வாசலை அடைத்துவிட்டால் பொறுக்கமாட்டார்.

ஆபத்தும் கட்டளையில்தான் அதிகம். 'டிசேபிள்-மெயில்பாக்ஸ்', 'ரிமூவ்-மெயில்பாக்ஸ்' என்று இரு கட்டளைகள் உள்ளன. இரண்டும் பெட்டியை எடுத்துவிடும். இரண்டிலும் எடுத்த பெட்டி பொதுவாக 30 நாள் பாதுகாக்கப்படும். ஆனால் முன்னது பெட்டியை மட்டும் ஆளிடமிருந்து பிரிக்கும். பின்னது நிறுவனத்தின் பயனர் பதிவேட்டிலிருந்து அந்த ஆளின் கணக்கையே நீக்கிவிடும். அதாவது மறுநாள் காலை அவர் தம் கணிப்பொறிக்குள்ளேயே நுழைய முடியாது. ஒருவருக்கு நேர்ந்தால் மன்னிப்புக் கேட்கலாம். ஸ்கிரிப்டில் எழுதி ஒரு துறைக்கே ஓட்டிவிட்டால்?

எங்கள் வீட்டில் தறி இருக்கிறது. சேலையின் பூவேலைக்கு ஜக்கார்டு அட்டைகளைக் கோத்துப் போடுவார்கள். எந்த இழை எழும்ப வேண்டும் என்பதை அட்டையிலுள்ள துளைகள் சொல்லும். அட்டைச் சரம் சுற்றச் சுற்ற அதே பூ சேலை நெடுகப் பூக்கும். நெசவாளி ஒவ்வொரு பூவையும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அட்டையில் ஒரு துளை தவறிவிட்டால் ஒவ்வொரு பூவிலும் அதே இடத்தில் அதே குற்றம் நிற்கும். கணிப்பொறியின் முன்னோர்களில் ஜக்கார்டு தறியும் ஒன்று என்று நம் பாடநூலில் ஒரு வரி வருகிறது. அந்த ஒரு வரியை வீட்டில் படித்துக் காட்டியபோது என் தந்தையார், அட்டை கோத்ததும் முதலில் இரண்டு விரற்கடை நெய்து பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும் என்றார்.

பவர்ஷெல்லிலும் அந்த இரண்டு விரற்கடைக்கு இடம் வைத்திருக்கிறார்கள். மாற்றம் செய்யும் கட்டளைகள் பெரும்பாலானவற்றின் இறுதியில் 'வாட்-இஃப்' என்று சேர்க்கலாம். 'செய்தால் என்ன ஆகும்?' என்பது பொருள். கட்டளை எதனையும் செய்யாது. எந்தெந்தப் பெட்டியை என்ன செய்திருக்கும் என்று மட்டும் சொல்லும். அதைப் படித்துப் பார்த்து, பிறகு அச்சொல்லை எடுத்துவிட்டு ஓட்டலாம். போஸ்ட்ஃபிக்ஸில் இதற்கு வேறொரு காவல்: வரிசையிலுள்ள எல்லாவற்றையும் நீக்கச் சொல்லும்போது 'எல்லாம்' என்பதற்குரிய 'ஆல்' என்ற சொல்லை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில்தான் அடிக்க வேண்டும். கை தவறி அடித்துவிடக் கூடாதாம். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே இல்லாத மொழியில் எழுதப் பழகிய நமக்கு இது சற்று வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

மற்றொரு பொறியும் உண்டு. 'கெட்-மெயில்பாக்ஸ்' என்று மட்டும் கேட்டால் 1000 பெட்டிகள் வரைதான் தரும். மேலும் இருக்கின்றன என்று ஓர் எச்சரிக்கை வரும். இரவில் தானே ஓடும் ஸ்கிரிப்டில் அந்த எச்சரிக்கையை யார் படிப்பார்? அனைத்தும் வேண்டுமென்றால் 'அன்லிமிடெட்' என்று தனியே சொல்ல வேண்டும். 900 பேர் இருந்தபோது சரியாக ஓடிய ஸ்கிரிப்ட், 1100 பேர் ஆனதும் நூறு பேரைச் சத்தமில்லாமல் விட்டுவிடும்.

இனி 2022ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளைப் பார்ப்போம். அன்று உலகின் பல நாடுகளில் எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 சர்வர்களில் கடிதங்கள் திடீரென வரிசையில் தேங்கி நின்றுவிட்டன. யாரும் தாக்கவில்லை; எந்தப் பொறியும் பழுதாகவில்லை. கடிதங்களில் நச்சுநிரல் இருக்கிறதா என்று பார்க்கும் பகுதி, தன் பதிப்பு எண்ணை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் வைத்திருந்தது. 2022 ஜனவரி 1 என்பது 2201010001 என்ற எண்ணாயிற்று. அதனை வைத்திருந்த இடமோ குறியுடைய 32 பிட் முழு எண். அதில் அடங்கக்கூடிய மிகப் பெரிய எண், இரண்டின் 31ஆம் அடுக்கில் ஒன்று குறைய, 2147483647 என்பதை முதலாண்டிலேயே படித்திருக்கிறோம். புத்தாண்டின் எண் அந்தப் படியைத் தாண்டிவிட்டது. பாத்திரம் சிறிதாயிற்று, சோதிக்கும் பகுதி முடங்கிற்று, சோதிக்கப்படாத கடிதங்கள் நின்றுவிட்டன.

விடுமுறை நாளில் நிர்வாகிகள் சர்வர் முன் ஓடி வந்தனர். சாளரத்தில் இதற்குப் பொத்தான் இல்லை. எப்படி இருக்கும்? வருமென்று எவரும் நினையாத நோய்க்கு மருந்துக் கடையில் பெட்டி வைத்திருக்கமாட்டார்கள் அல்லவா? மைக்ரோசாஃப்ட் அன்றே ஒரு பவர்ஷெல் ஸ்கிரிப்டை வெளியிட்டது. சேவைகளை நிறுத்தி, பழைய கோப்புகளை அகற்றி, புதிய சோதனைப் பகுதியை இறக்கி, சேவைகளை மீண்டும் தொடங்குவது வரை எல்லாவற்றையும் அது செய்தது. ஒவ்வொரு சர்வரிலும் ஓட்ட வேண்டும். அதே வேலைகளைக் கையால் செய்யும் முறையையும் படிப்படியாக எழுதியிருந்தார்கள். ஒரு சர்வர் வைத்திருப்பவருக்கு எது ஆனாலும் ஒன்றுதான். நாற்பது சர்வர் வைத்திருப்பவருக்கு அன்றைய இரவு ஸ்கிரிப்டால் கழிந்தது. அந்த ஸ்கிரிப்ட் ஒரு எழுத்துக் கோப்பாதலால், ஓட்டுமுன் திறந்து, அது நம் சர்வரை என்ன செய்யப்போகிறது என்று வரி வரியாகப் படித்துப் பார்க்கவும் முடிந்தது. பொத்தானுக்குள் எட்டிப் பார்க்க முடியுமா?

புதிய பகுதியின் பதிப்பு எண் என்ன தெரியுமா? 2112330001. அதாவது 2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 33ஆம் நாள்! நாட்காட்டியில் இல்லாத அந்த நாள் 2147483647க்குள் அடங்கிவிடுகிறது என்பதே அதன் சிறப்பு. எண் அப்படியே சரியானதுதான், கவலைப்பட வேண்டாம் என்று நிறுவனம் அறிவிப்பில் குறிப்பிட வேண்டியிருந்தது.

இனி நம்முடைய கதைக்கு வருவோம். எங்கள் தெருவைச் சேர்ந்த அண்ணன் ஒருவர் நகரத்துப் பயிற்சி நிலையமொன்றில் கடன் வாங்கிப் பணம் கட்டிச் சர்வர் நிர்வாகம் படித்தார். அங்கே கொடுத்த குறிப்பேடு முழுவதும் சாளரங்களின் படம்: இங்கே தட்டு, அடுத்து இங்கே தட்டு, பிறகு 'முடி' என்பதைத் தட்டு. வேலைக்கு நேர்முகம் சென்ற இடத்தில் அடுத்த பதிப்பு இருந்தது. குறிப்பேட்டிலிருந்த சாளரம் அங்கே இல்லை. எக்ஸ்சேஞ்ச் 2007, 2010 ஆகியவற்றில் தனி நிரலாக இருந்த நிர்வாகச் சாளரம் 2013ஆம் பதிப்பில் இணைய உலாவியில் திறக்கும் பக்கமாக மாறிவிட்டது. மெனுக்கள் எல்லாம் இடம் பெயர்ந்துவிட்டன. ஆனால் 2007இல் அறிமுகமான 'கெட்-மெயில்பாக்ஸ்' 2010இலும் ஓடியது, 2013இலும் ஓடியது. எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 பதிப்புகளுக்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்த பிறகு அவற்றின் இடத்திற்கு வந்திருக்கும் பதிப்பிலும், இணையவழிச் சேவையிலும் இன்றும் அதே சொல்தான்.

வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள எவருமில்லாமல், பட்டப்படிப்பு என்னும் வாசலை முதன்முதலாக மிதித்த என்னைப் போன்றவர்களுக்கு இது சிறு செய்தியன்று. ஒருமுறை கட்டிய பணத்திற்குக் கற்றது எத்தனை ஆண்டு தாங்கும் என்று நாங்கள் கணக்குப் பார்த்தாக வேண்டும். பெரிய நிறுவனத்தில் அனுபவசாலியின் பக்கத்தில் அமர்ந்து பழகும் வாய்ப்புள்ளவன் எதை வேண்டுமானாலும் கற்கலாம். அது இல்லாதவனுக்கு, தான் செய்ததைத் தன் மொழியில் திருப்பிச் சொல்லும் கருவியே ஆசிரியர்.

இதில் எனக்கொரு மனக்குறை உண்டு. 2010ஆம் பதிப்பில் சாளரத்தின் அடியிலேயே 'இதற்குரிய கட்டளையைக் காட்டு' என்ற பொத்தானும், ஓடிய கட்டளைகளை எல்லாம் வரிசைப்படுத்தும் பதிவேடும் இருந்தன. 2013ஆம் பதிப்பு உலாவிக்கு மாறியபோது இவை காணாமற்போயின. 2014இல் வந்த முதல் திருத்தத் தொகுப்பில்தான் கடைசி 500 கட்டளைகள் வரை காட்டும் பதிவேடு திரும்பி வந்தது. அதுவும் ஒரு மெனுவின் உள்ளே ஒளிந்துகொண்டது. பார்க்கத் தெரிந்தவர் பார்ப்பார். பார்க்க வேண்டியவரோ அது இருப்பதையே அறியார்.

அதிகாரம் கொடுக்கும் முறைகூட 2010இலிருந்து கட்டளையின் மீதே அமைந்தது என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். ஓர் ஊழியர் எந்தக் கட்டளையை, அதிலும் எந்தெந்தப் பண்புகளை மட்டும் பயன்படுத்தலாம் என்று வரையறுக்கிறார்கள். கடவுச்சொல் மாற்ற மட்டும் உரிமையுள்ளவர் சாளரத்தைத் திறந்தால் மற்றப் பொத்தான்கள் அவருக்குத் தோன்றவே தோன்றா. ஒருவர் சாளரத்தில் தட்டி மாற்றினாலும் கட்டளை அடித்து மாற்றினாலும், யார், எப்போது, எந்தக் கட்டளையால் மாற்றினார் என்பது ஒரே தணிக்கைப் பதிவில் விழுகிறது. 'நான் பொத்தானைத்தான் அழுத்தினேன்' என்று தப்பிக்க முடியாது. அழுத்தியதும் கட்டளைதான்.

யூனிக்ஸ் பக்கத்திலும் நிலைமை ஏறக்குறைய இதுவே. 1997இலிருந்து கிடைக்கும் 'வெப்மின்' என்ற கருவி போஸ்ட்ஃபிக்ஸுக்குச் சாளரம் தருகிறது. அது எழுதுவதும் நிர்வாகி கையால் திருத்தும் அதே எழுத்துக் கோப்பில்தான். சாளரத்தில் ஒன்றை மாற்றிவிட்டு, கோப்பைத் திறந்து எந்த வரி மாறியது என்று பார்ப்பது சிறந்த பயிற்சி.

எக்ஸ்சேஞ்ச் விலை உயர்ந்தது; நம் ஆய்வகத்தில் அதற்கு வழியில்லை. ஆனால் பவர்ஷெல்லை 2016இல் மூல நிரலோடு இலவசமாக வெளியிட்டுவிட்டார்கள், லினக்ஸிலும் ஓடும். 'கெட்-கமாண்ட்' என்றால் என்னென்ன கட்டளைகள் உள்ளன என்று சொல்லும். 'கெட்-ஹெல்ப்' ஒவ்வொன்றையும் விளக்கும். 'கெட்-மெம்பர்' குழாயில் வரும் பொருளுக்கு என்னென்ன பண்புகள் என்று காட்டும். இம்மூன்றும் தெரிந்தால் மற்றவற்றைக் கேட்டே தெரிந்துகொள்ளலாம். போஸ்ட்ஃபிக்ஸும் இலவசமே, பழைய கணிப்பொறி ஒன்று போதும். ஆய்வகத்தின் கடைசி வரிசையில் யாரும் உட்காராத கணிப்பொறி ஒன்றில், துறைப் பேராசிரியரின் அனுமதியுடன் நானும் இரு நண்பர்களும் அதனை நிறுவியிருக்கிறோம். வெளியுலகத்துடன் இணைக்கவில்லை, எங்கள் மூவர் பெட்டிகளுக்குள்ளேயே கடிதம் போய் வருகிறது. வேண்டுமென்றே இல்லாத முகவரிக்கு நூறு கடிதம் அனுப்பி, வரிசையைத் தேங்க வைத்து, ஒரே வரியில் பொறுக்கி நீக்கிப் பார்க்கிறோம். செவ்வாய், வியாழன் மாலைகளில் அறை திறந்திருக்கும்; விரும்பும் நண்பர்கள் வரலாம்.